பெட்டிக்கு யார் கையெழுத்து?

மருத்துவமனையிலிருந்து காலையில் வந்த போன் துக்கம் விசாரிக்க வந்ததல்ல.

"பிணவறையில இடம் நெருக்கடிங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எடுத்துக்கலைன்னா நாள் வாடகை ஏறும். அதுவும் உங்க கணக்குலதான் சேரும்."

சின்னவள் அப்போது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள், முழங்கால் வரை தூசியில் நின்றிருந்தாள். அப்பா இறந்த மறுநாளே வேலைக்குப் போனாளா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். பழுதான லிஃப்ட் நடுமாடியில் நின்றுவிட்டது, கூப்பிட்டார்கள், போனாள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட அது தேவலை.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நேற்று மத்தியானம் மருத்துவமனைக் கட்டிலில் அவருடைய மூச்சு நின்றபோது, பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியே நடைவழியில் நின்று, ராத்திரி யார் துணைக்குத் தங்குவது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் வந்து வாயில் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் இருவரும் வாயை மூடினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது அந்தம்மா மட்டும்.

அந்தம்மா என்றால் அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள். எட்டு வருடம் கூடவே இருந்தவள். பள்ளிக்கூட வண்டியில் குழந்தைகளை ஏற்றி இறக்குகிற வேலை. முறைப்படி சித்தி. ஆனால் அந்த வார்த்தை இந்தக் குடும்பத்தில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. பெரியவன் 'அந்தம்மா' என்பான். சின்னவள் 'அவங்க' என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

போனை வைத்ததும் குழியிலிருந்து ஏறி, கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் சொல்லியிருந்த இறுதிச் சடங்கு நிறுவனத்துக்கு வண்டியை விட்டாள்.

பெரியவன் முன்னாடியே வந்திருந்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வாசலிலேயே மூக்கைத் தொடுகிற சென்ட். பழைய கார் வாங்கி விற்கிறவன். சாவு வீட்டுக்கும் வாடிக்கையாளரைப் பார்க்கிற மாதிரிதான் வருவான். அவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி அந்தம்மா, கைப்பையை மடியில் அணைத்தபடி.

அவன் தங்கையை ஏற இறங்கப் பார்த்தான். "கிரீஸோட வர்றே. அப்பா செத்த மறுநாள். வெக்கமா இல்ல?"

"உனக்குச் சட்டைக்குக் கஞ்சி போட நேரம் இருந்திருக்கே, அண்ணா. அதைவிடவா?"

அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வாய் திறந்தால் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு தன் மேல் பாய்வார்கள் என்று எட்டு வருடத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மேலாளர் வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, குழந்தையைத் தூங்க வைக்கிற குரல். பின்னாலிருந்த கூடத்துக்கு அழைத்துப் போனாள். வரிசையாகச் சவப்பெட்டிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் மஞ்சள் விளக்கு. உள்ளே வெள்ளைப் பட்டு, சின்னத் தலையணை.

பெரியவன் நேராக நடுவில் இருந்ததற்குப் போய், காரின் பானட்டைத் தட்டுவதுபோல் மூடியைத் தட்டினான்.

"இதுதான். இதையே போடுங்க."

"கௌரவத் திட்டம்," என்றாள் மேலாளர். "இதுல எல்லாமே சேர்ந்து வந்துடும். நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம்."

"எல்லாம்னா என்னென்ன?" என்று கேட்டாள் சின்னவள். "மொத்தமா சொல்லாதீங்க. ஒவ்வொண்ணா சொல்லுங்க."

பெட்டி. உடம்பைப் பதப்படுத்துவது. மண்டப வாடகை. வண்டி. தூக்குகிற ஆட்கள். பூ. வாசலில் அறிவிப்புப் பலகை. கல்லறை நிலத்துக்குத் தனி, குழி தோண்டத் தனி. மேலாளர் சொல்லச் சொல்ல சின்னவள் விரல் மடக்கி எண்ணினாள். கடைசியில் வந்த தொகை அவளுடைய பத்து மாதச் சம்பளம்.

"நாளைக்கே அடக்கம் பண்ணப் போறோம். எதுக்குப் பதப்படுத்தணும்?"

"நாளைக்கேன்னா குளிர் அறையே போதும்மா. அவசியமில்ல."

"அப்ப ஏன் சேர்த்தீங்க?"

"இந்தத் திட்டத்துல அது சேர்ந்தே வரும்."

"இதைவிட விலை கம்மியான பெட்டி இல்லையா?"

மேலாளர் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, குரலிலிருந்த தாலாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சொன்னாள்: "இருக்கு. பின்னாடி அறையில. கேட்டாத்தான் காட்டுவோம்."

"பார்த்தியா?" என்று அண்ணன் பக்கம் திரும்பினாள் சின்னவள்.

"எதைப் பார்க்கணும்?" அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை. "நானும் வியாபாரிதான். எந்த வண்டியை முன்னாடி நிறுத்தணும், எதைக் கொட்டகைக்குப் பின்னாடி தள்ளணும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் இதைக் கேக்கறேன். நாளைக்கு வர்றவங்க அப்பாவைப் பார்க்க வர்றாங்கன்னு நினைச்சியா? என்னைப் பார்க்க வர்றாங்க. நான் நிக்கறேனா, விழுந்துட்டேனான்னு பார்க்க வர்றாங்க."

"அப்ப உன் விளம்பரத்துக்கு அப்பா பொணம்."

"வாயை அளந்து பேசு!"

மேலாளர் மூவரையும் மெல்ல மேசைக்கு ஓட்டி வந்து உட்கார வைத்தாள். இப்படிப்பட்ட குடும்பங்கள் அவளுக்குப் பழக்கம் போலிருக்கிறது. மூவருக்கும் முன்னால் தண்ணீர் வைத்தாள், யாருக்கும் எட்டாத தூரத்தில் காகிதம் வெட்டும் கத்தியை நகர்த்தி வைத்தாள்.

"எப்படிக் கட்டப் போறீங்க?" என்றாள். "அவர் எங்ககிட்ட முன்கூட்டியே பணம் கட்டி வச்சிருக்காரான்னு பார்த்தேன், இல்ல. ஆயுள் காப்பீடு?"

"இல்ல."

"பேங்க்ல அவர் பேர்ல பணம் இருந்தா, கணக்கை முடக்கியிருந்தாலும் எங்க பில்லைக் காட்டினா நேரா எங்களுக்கே அனுப்புவாங்க. எல்லா பேங்க்கும் இல்ல, நிறைய பேங்க் செய்யுது. கேட்டுப் பாருங்க."

"அந்தக் கணக்குல ஒண்ணும் இல்ல," என்றான் பெரியவன், கேள்வி முடிவதற்கு முன்பே.

"ஏன் இல்ல? அதையும் சொல்லேன்," என்றாள் சின்னவள்.

அவன் போனை எடுத்துப் பார்த்தான். அவள் விடவில்லை. "ஓய்வுப் பணம் முழுக்க இவனோட கார் கொட்டகைக்குப் போச்சுங்க. மாசா மாசம் தர்றேன்னான். அப்பா பல் கட்டிக்கணும்னு ஒரு வருஷம் கேட்டாரு. கடைசி வரைக்கும் கஞ்சிதான் குடிச்சாரு."

பெரியவனின் கழுத்து நரம்பு புடைத்தது. மேலாளர் அவசரமாக அடுத்த வழிக்குத் தாவினாள். "வேலை பார்த்த இடத்துல ஏதாவது?"

"துறைமுகச் சங்கத்துல சாவுக்கு ஒரு தொகை தருவாங்க." அன்று முதல் முறையாக அந்தம்மா பேசினாள். "போன் பண்ணிக் கேட்டேன். கைக்கு வர ரெண்டு மூணு மாசம் ஆகுமாம்."

எவ்வளவு என்றும் சொன்னாள். மேலாளர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். "சாதாரணத் திட்டத்துக்குக் கிட்டத்தட்ட வந்துடும். கௌரவத் திட்டம்னா கால்வாசிக்குக்கூடப் பத்தாது. மீதிக்குத் தவணை இருக்கு. மூணு வருஷம். வட்டி உண்டு." பிறகு, இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதுபோல் மூவர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள்: "ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். கீழே யாரு கையெழுத்துப் போடறாங்களோ அவங்கதான் கட்டணும். குடும்பத்துக்குள்ள நீங்க என்ன பேசிக்கிட்டாலும், நாங்க வந்து நிக்கறது அவங்க வாசல்லதான்."

பேனா பெரியவன் பக்கம்தான் இருந்தது. அவன் அதை எடுத்து, சுழற்றி, தங்கை முன்னால் வைத்தான்.

"போடு."

"நீ கேட்ட பெட்டி. நீ போடு."

"என் பேர்ல இருக்கற கடனைப் பார்த்தா எவனும் தவணை தரமாட்டான். உன் பேரு சுத்தமா இருக்கு. நீ போடு. நான் மாசா மாசம் கொடுத்துடறேன்."

"அப்பாகிட்டயும் இதையேதான் சொன்னே. ஒரு எழுத்துகூட மாத்தலை."

அவன் பேனாவை எடுத்துக்கொண்டு மெதுவாக அந்தம்மா பக்கம் திரும்பினான். திரும்பும்போதே முகம் மாறியது. வாடிக்கையாளர் உள்ளே நுழைந்ததும் மாறுகிற முகம்.

"அம்மா," என்றான். "நீங்க போடுங்க. அவருக்கு நீங்கதானே எல்லாம்?"

அந்தம்மா நிமிர்ந்தாள். அவளை அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கை பேனாவை வாங்கிவிட்டது. காகிதத்தின் மேல் முனை தொடப்போகிற நேரத்தில் சின்னவள் எழுந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"போடாதீங்க!"

அந்தம்மா திகைத்துப் பார்த்தாள்.

"பாசம் பொங்கிச் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. உங்களை எனக்குப் பிடிக்காது, அது உங்களுக்கே தெரியும். ஆனா ஸ்கூல் வண்டிச் சம்பளத்துல மூணு வருஷம் இதைக் கட்ட முடியாது. இவன் ஒரு காசு தரமாட்டான்."

"அவங்க இஷ்டத்தைத் தடுக்க நீ யாரு?" என்று சீறினான் பெரியவன்.

சின்னவள் மேலாளர் பக்கம் திரும்பிச் சொன்னாள். "பின்னாடி அறையில இருக்கற பெட்டி. ஒரு வண்டி. தூக்க ஆள். கல்லறை நிலம். குழி. வேற எதுவும் வேண்டாம். முன்பணம் சாயங்காலம் வண்டி எடுக்கும்போது தர்றேன். என் பேர்ல எழுதுங்க."

"அப்பாவைக் குப்பை மாதிரி அள்ளிட்டுப் போகப் போறே."

"கடன்ல அனுப்பலை. அவ்வளவுதான்."

அப்பா என்ன விரும்பினார் என்று அங்கே யாரும் பேசவில்லை. அவர் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கேட்டு வைத்தவர்களும் இல்லை.

அவள் கையெழுத்துப் போட்டு முடித்ததும் அந்தம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அந்த வாசல் பலகை... அது இதுல வருமா?"

"அதுக்குத் தனிப் பணம்," என்றாள் மேலாளர்.

"இல்ல... மனைவின்னு பேர் போடுவாங்களே. அதுக்குத்தான்."

"எதுக்கு? வர்றவங்களுக்கு யாரு என்னன்னு தெரியும்," என்றாள் சின்னவள், காகிதத்தை மடித்துப் பையில் வைத்தபடி. அப்படிச் சொன்னபோது அவள் அந்தம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியவன் பார்த்தான்.

"வாங்கம்மா," என்றான். "நான் வீட்டுல விட்டுடறேன்."

முன்பணத்துக்குச் சின்னவள் முதலாளியிடம் போய் நின்றாள். அவர் துக்கம் விசாரித்தார், அப்பாவின் வயதைக் கேட்டார், உச்சுக் கொட்டினார். எல்லாம் முடிந்த பிறகு, வருகிற நான்கு மாதமும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன் என்று சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அவள் சரி என்றாள். வேறு என்ன சொல்வது.

சாயங்காலம் நிறுவனத்து வண்டியோடு மருத்துவமனைக்குப் போனாள். பிணவறை ஊழியர் பதிவைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இவரை எடுத்துட்டுப் போயிட்டாங்களேம்மா. மத்தியானமே."

"யாரு?"

"மகன் வந்தாரு. கூட இறந்தவரோட மனைவி வந்தாங்க. மனைவிதான் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனாங்க. அவங்க வந்து கேட்டா நாங்க கொடுத்துத்தானே ஆகணும்?"

மனைவி. அந்த ஆள் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். சின்னவளுக்கு யாரோ பிடரியில் அடித்த மாதிரி இருந்தது.

பின்னால் நின்ற ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். "அக்கா, உடம்பு இல்லேன்னா ஒப்பந்தம் ரத்தாயிடும். வண்டி வந்ததுக்கு மட்டும் ஏதாவது..."

கொடுத்தாள்.

எந்த இடம் என்று ஊழியர் சொல்லியிருந்தார். வேறொரு இறுதிச் சடங்கு நிறுவனம், நெடுஞ்சாலை ஓரத்தில், கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடம். கல்யாண மண்டபமோ என்று நினைக்கத் தோன்றும். வாசலில் ஆள் உயரத்துக்கு மின்பலகை. அப்பாவின் படம், எந்தக் காலத்திலோ கிரேன் கூண்டுக்குள் எடுத்தது, பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கீழே 'அன்பு மனைவி' என்று போட்டு அந்தம்மாவின் பெயர். அடுத்து மகன். அடுத்து மருமகள். அதற்கும் கீழே வெறும் பூ வேலைப்பாடு.

சின்னவள் மேலிருந்து கீழாக மறுபடி படித்தாள். மகள் என்ற வார்த்தையே இல்லை.

மண்டபத்துக்குள் பெரியவன் நாற்காலி போடுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"கத்தறதுன்னா வெளியே போய்க் கத்து. இது கௌரவமான இடம்."

"நீ மனுஷனா?"

"அவங்களா விரும்பிப் போட்டாங்க. நான் கழுத்துல கத்தியா வச்சேன்?"

"அவங்க எப்படிக் கட்டுவாங்க?"

"அதை அவங்ககிட்டக் கேளு." பிறகு குரலைத் தாழ்த்தினான், அந்தத் தாழ்ந்த குரல் கத்தலைவிட மோசமாக இருந்தது. "நாளைக்கு எனக்குக் கடன் கொடுத்தவங்க எல்லாரும் வர்றாங்க. இந்த மண்டபத்தையும் பெட்டியையும் பார்த்துட்டு, இவன்கிட்ட இன்னும் சரக்கு இருக்குன்னு ஆறு மாசம் பொறுப்பாங்க. எனக்கு அந்த ஆறு மாசம் வேணும். அப்பா உயிரோட இருந்தா அவரே கையெழுத்துப் போட்டிருப்பாரு. இல்லேன்னு சொல்லு பார்ப்போம்."

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அப்பா போட்டிருப்பார். முன்னேயும் அப்படித்தான் போட்டார்.

முன்மேசைப் பெண்ணிடம் போய்க் கேட்டாள். அந்தப் பெண் கணினியைப் பார்த்தபடியே சொன்னாள். "நாளைக் காலையில பெட்டியை மூடறதுக்கு முன்னாடி சொன்னா, சின்னத் திட்டத்துக்கு மாத்திக்கலாம். அதுவரைக்கும் ஆன செலவை மட்டும் எடுத்துப்போம். ஆனா கையெழுத்துப் போட்டவங்கதான் வந்து சொல்லணும். நீங்க மகளா இருந்தாலும் முடியாதுங்க."

"நான் மகள்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பலகையில இல்லையே," என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள் அறைக்கு நடந்தாள்.

பெட்டி திறந்திருந்தது. அப்பாவின் தலைமுடியை யாரோ தவறான பக்கம் வகிடு எடுத்துச் சீவிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அந்தம்மா, பள்ளிக்கூட வண்டிக்குப் போட்டுக்கொள்கிற அதே கறுப்புச் செருப்போடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் குனிந்திருந்த தலையாகத் தெரியவில்லை.

"மாசத் தவணை எவ்வளவுன்னு கேட்டீங்களா?" என்றாள் சின்னவள்.

"என் சம்பளத்துல பாதிக்கு மேல."

"தெரிஞ்சும் போட்டீங்களா? நான்தான் காலையில அவ்வளவு சொன்னேனே!"

"சொன்னே. பிடிக்காதுன்னும் சொன்னே." அந்தம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை. "உங்கண்ணன் பணம் தரமாட்டான்னு எனக்குத் தெரியாதா? அவர் பல்லில்லாம கஞ்சி குடிச்சப்ப கரைச்சு ஊட்டினவ நான். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

சின்னவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பலகையைப் பார்த்தியா?" என்றாள் அந்தம்மா.

"பார்த்தேன். என் பேர் இல்ல. அவன் புத்தி அவ்வளவுதான்."

"அவன் இல்ல." அந்தம்மா பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டாள். "தங்கச்சி பேரையும் போடணுமேன்னு அவன் கேட்டான். நான்தான் வேண்டாம்னேன்."

"நீங்களா?" என்றாள் சின்னவள்.

"எட்டு வருஷத்துல நீங்க என் பேரை எங்க போட்டீங்க? ஆஸ்பத்திரிச் சீட்டுல 'உதவிக்கு இருப்பவர்'னு எழுதிக் கொடுத்தே. உன் கையாலதான் எழுதினே. நான் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன்."

எழுதியது உண்மைதான். அவசரத்தில் எழுதினேன் என்று சொல்லலாம். ஆனால் அன்று அப்படி ஒன்றும் அவசரம் இருக்கவில்லை.

"சரி. என் மேல இருக்கற ஆத்திரத்தை என்கிட்டக் காட்டுங்க," என்றாள் சின்னவள் கடைசியில். "அதுக்காக மூணு வருஷம் பட்டினி கிடக்காதீங்க. காலைல வரைக்கும் மாத்தலாமாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"தெரியும். அந்தப் பொண்ணு என்கிட்டயும் சொல்லுச்சு."

"அப்ப சொல்லுங்க."

"நீ ஒரு வார்த்தை சொல்லேன் முதல்ல."

"என்ன வார்த்தை?"

அந்தம்மா திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். "முறைன்னு ஒண்ணு இருக்கே. என்னை நீ என்னன்னு கூப்பிடணும்?"

"கூப்பிட்டா மாத்திடுவீங்களா?"

"மாத்துவேன்னு நான் சொல்லலையே."

வெளியே மண்டபத்தில் பெரியவன் யாரையோ வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தான். பூ வண்டி தவறான வாசலுக்குப் போய்விட்டதாம். சின்னவள் ஒரு நாற்காலியை இழுத்து, அந்தம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

அந்தம்மா கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள், விடியும் வரை வேறு வேலை இல்லாதவளைப்போல.